நாரையின் தலை

ஜனவரி 11, சனி

ஐஞ்சாவது பெட்டி வந்திட்டுது. கொண்டுவந்தவன் படி இறங்க முதலே கத்தரிக்கோலால கிழிச்சாச்சு. பியற்றிஸ் அக்கா (பெரியம்மான்ர மகள், லண்டன் ஸ்ட்ரெதமில இந்த வீட்டில நாங்கள் ரெண்டு பேருந்தான்) தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டு பாத்திட்டு, பல் டொக்டரிட்டை வேலை செய்யிற பிள்ளை பெட்டியையும் பல்லுப் புடுங்கிற மாதிரித்தான் திறக்குது எண்டா. சொல்லட்டும்.

பெட்டியில முன்னுக்கு நிக்கிற வீரன் பொம்மை எனக்கு முக்கியமில்லை. அவனுக்குப் பின்னால கடதாசியில சுத்தி ஒரு துண்டு வைச்சிருப்பாங்கள். அதுதான் விசயம். ஆறு பெட்டியில இருக்கிற ஆறு துண்டையும் சேத்துப் பூட்டினால் சாம்பல் நாரை வருவா. பள்ளிக்கூட காலத்தில நான் கிழியக் கிழிய வாசிச்ச சித்திரக்கதையின்ர கதாநாயகி. தேம்சுக்கு மேலால செட்டை விரிச்சுப் பறப்பா, முகமூடியை ஒருநாளும் கழட்டமாட்டா. இவ்வளவு காலமும் ஒரு கம்பனியும் அவவைப் பொம்மையாச் செய்யேல்லை.

இப்ப உடம்பு, ரெண்டு கால், ரெண்டு செட்டை எல்லாம் பூட்டியாச்சு. தலை ஆறாவது பெட்டியில. முகமூடியோட செய்திருக்கிறாங்களோ, வெறும் முகமோ? தெரியாட்டில் எனக்கு மண்டை வெடிச்சிடும்.

ஜனவரி 12, ஞாயிறு

தலையில்லாத நாரையை அலுமாரித் தட்டில நிப்பாட்டி வைச்சன். அக்கா அதைக் கடந்து போகேக்க சிலுவை போட்டுக்கொண்டு போறா.

ஜனவரி 25, சனி

வெம்பிளியில தோசைக்கடை. வழமைபோல மூண்டு பேர்: நான், ஜதுசன், முகுந்த். மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு பொம்மைச் சந்தை வரிசையில பழகினது, இன்னும் பிரியேல்லை.

ஜதுசன் கிழக்கு லண்டனில, பார்க்கிங் எண்ட ஊரில இருந்து வான் ஓடுறவர். அவருக்கு எல்லாக் கிட்டங்கியிலயும் ஆள் இருக்கு, அவற்ர செய்தியில பாதி பொய். ஆறாவது பெட்டி கப்பல் ஏறியிட்டுதாம், ஏப்ரிலில வருமாம். நான் சொன்னன், நாரைக் கதையைச் சினிமாவா எடுக்கினம், அந்தப் படம் வாறதுக்கு முதல் அவவின்ர முகம் வெளியில தெரியக்கூடாது, அதுக்காகத்தான் தலையைக் கடைசிக்கு வைச்சிருக்கிறாங்கள் எண்டு. முகுந்த் தலையாட்டிக்கொண்டே சாம்பாரை முடிச்சிட்டு, எனக்கென்னவோ லைசன்ஸ் கை மாறப் போகுதுன்னு தோணுது எண்டார். உரிமை முடியிற வருசத்தில கம்பனி புதுசா அச்சு வெட்டாதாம். பிள்ளை பிறக்க முதல் பேர் வைக்கிற சனம் நாங்கள்!

முகுந்த் பெட்டி திறக்கிறேல்லை. ஒண்டையும். அவற்ர வீட்டில சுவர் முழுக்க மூடின பெட்டி, ஐஞ்சு நாரைத் துண்டும் அதுக்குள்ளதான். எப்பிடி மனுசன் நித்திரை கொள்ளுறாரோ எண்டு நான் கேக்காத நாளில்லை. அவர் நான் அனுப்புற போட்டோவில என்ர தட்டைப் பாத்துத் திருப்திப்படுறவர்.

வெளிக்கிடேக்க சாதாரணமாச் சொன்னார், அவற்ர கம்பனி சென்னைக்குத் திரும்பி வரச் சொல்லுதாம், மே முடியிறதுக்குள்ள பதில் சொல்லோணுமாம். ஜதுசன், அண்ணை போயிடாதேங்கோ எண்டார். அதுக்கு முகுந்த் என்னைப் பாத்துச் சிரிச்சார்.

"ஷெறோன் வீட்டு ஷெல்ஃப்ல நாரைய முழுசாப் பாத்துட்டுத்தான் போவேன்."

நானும் சிரிச்சன். ரயிலில வரேக்க சிரிப்பு நிண்டிட்டுது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசையில நடந்ததை எழுதத்தான் வேணும். மாதா சுரூபத்துக்கு முன்னால முழங்காலில இருந்து, கப்பல் பிந்தோணும் எண்டு மன்றாடினன். உலகத்தில எல்லாரும் பெட்டி வரோணும் எண்டு கேக்க, நான் வரக்கூடாது எண்டு கேக்கிறன்.

ஏன் கேட்டனான்? — தெரியும், தெரியும். பேனை பிடிச்ச கைக்கும் தெரியும். எழுதமாட்டன்.

பெப்ரவரி 20, வியாழன்

ஜதுசன் படம் அனுப்பினார்: மண்ணிறக் காட்போட் பெட்டி ஒண்டு, பக்கத்தில ஆறு எண்டு அடிச்சிருக்கு. இது ஆறாவது பெட்டியோ, ஆறு பெட்டி அடக்கமோ? பின்னேரம் முழுக்க மூண்டு பேரும் அதையே பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தம். கடைசியில பாத்தால் அது பிள்ளையளின்ர சவர்க்காரக் குமிழி ஊதுற சாமான். வெறும் வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி எங்களுக்கு ஒரு நாள் போச்சு. முகுந்த் எழுதினார், குமிழிக்குத் தலை வேண்டாம், நிம்மதி எண்டு. அதை நான் நாலைஞ்சு தரம் வாசிச்சன்.

மார்ச் 14, வெள்ளி

முகுந்த் சொன்னதே சரி. பொம்மை லைசன்ஸ் வேற கம்பனிக்குப் போயிட்டுது. பழைய கம்பனி அறிக்கை விட்டிருக்கு, ஆறாவது பெட்டி வராது, பொறுத்தருளோணுமாம். பொறுத்தருள! ஐஞ்சு பெட்டியை வாங்கப் பண்ணிப்போட்டுத் தலையைத் தரமாட்டினமாம். உலகம் முழுக்க எத்தினை வீட்டில தலையில்லாத நாரை நிக்குதோ. கண்டறியாத கம்பனி.

இடைவேளைக்குள்ள இதை வாசிச்சிட்டு முதல் எனக்கு வந்தது சந்தோசம். வெக்கமில்லாமல் எழுதுறன். தலை வராது, அவர் போகமாட்டார்.

பிறகு பல் சுத்தம் செய்யிற கருவியைக் கழுவிக்கொண்டு நிக்கேக்க மற்றது வந்துது. அவர் காத்திருந்ததே இதுக்காகத்தான் எண்டால்? இனி ஏன் நிக்கோணும்? சும்மா பகிடிக்குச் சொன்னதை நான் ஏன் தூக்கித் தலையில வைச்சுக்கொண்டு திரியிறன்? விசரி.

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கட மூண்டு பேரின்ர வட்ஸ்அப் குறூப்பில முகுந்த் ஒண்டும் எழுதிறேல்லை. தோசைக்கடைக்கு வரேல்லை, வேலை கூடவாம். கேக்கவும் ஏலாது, கேக்காமல் இருக்கவும் ஏலாது. ஒரு பிளாஸ்ரிக் தலை எப்பிடி இருக்கும் எண்டு ஆயிரம் கேள்வி கேட்டவளுக்கு, நீங்கள் போறியளோ எண்டு ஒரு கேள்வி கேக்க வாய் வரேல்லை.

மே 10, சனி

ஜதுசன் போன் எடுத்தார். வழமையான புளுகு எண்டுதான் நினைச்சன். இல்லை, அவரே கூடப் போய்க் கண்ணால பாத்ததாம்.

ஆறாவது பெட்டி இருக்கு. கம்பனி சாம்பிளுக்குச் செய்தது கொஞ்சம், அதில ஒண்டு ஒரு வெள்ளைக்காரச் சேகரிப்பாளரிட்டை இருந்திருக்கு, மூடினபடி. முகுந்த் அதைத் தேடிப் பிடிச்சு வாங்கியிட்டார். காசுக்கில்லை. பண்டமாத்துக்கு. தன்ர முதற் பொம்மையைக் குடுத்தாராம். சென்னையில மாமா வாங்கிக் குடுத்தது, பெட்டி உடைக்காதது, அவற்ர சுவரின்ர நடுவில இருக்கிறது. குடுக்கேக்க அண்ணைக்கு முகம் வாடிப் போச்சுது ஷெறோனக்கா எண்டார் ஜதுசன்.

நான் போனை வைச்சிட்டுக் கட்டிலில இருந்திட்டன். அவ்வளவு பெரிய சாமானைக் குடுத்து ஏன் வாங்கினவர்? சொன்ன சொல்லை முடிச்சிட்டுப் போறதுக்குத்தானே. தலை வரும், நாரை முழுசாகும், அவர் பிளேன் ஏறுவார்.

அழுதன். அக்கா வந்து பக்கத்தில இருந்தா, ஒண்டும் கேக்கேல்லை. அவவுக்கு ஜனவரியிலயே தெரிஞ்சிருக்கும்.

மே 17, சனி

ஆறுதலா, அவசரப்படாமல் எழுதோணும். கை முந்தி ஓடுது.

முகுந்த் இண்டைக்குத்தான் முதன்முதலா எங்கட வீட்டுக்கு வந்தவர். துணிப்பையில பெட்டி. அக்கா றோல்சும் தேத்தண்ணியும் வைச்சிட்டுக் குசினிக்குள்ள போய், ஒரு சத்தமும் இல்லாமல் நிண்டா. ஒட்டுக் கேக்கிறதில அவவை ஒருத்தரும் வெல்லேலாது.

பெட்டியைக் கையில தந்தார். முன்னுக்கு வழமையான வீரன். பின்னால வெள்ளைக் கடதாசிச் சுருள், என்ர பெருவிரல் அளவு. அதுக்குள்ள நாரையின்ர முகம். எங்களைத் தவிர லண்டனில ஆரிட்டையும் இருக்காது.

நான் கத்தரிக்கோலை எடுத்து மேசையில வைச்சன். உங்கட பெட்டி, நீங்கள்தான் திறக்கோணும் எண்டன். என்ர குரல் எனக்கே பிடிக்கேல்லை. அவர் கத்தரிக்கோலைத் தொடேல்லை. எழும்பிப் போய்த் தட்டில நிண்ட நாரையைக் கொஞ்ச நேரம் பாத்தார். பிறகு பெட்டியை அவவுக்குப் பக்கத்தில, நேராக்கி வைச்சார்.

"முழுசாப் பாத்துட்டுத்தான் போவேன்னு சொன்னேன்ல?"

ஓம் எண்டன்.

"அப்ப முழுசாக வேண்டாம்."

எனக்கு விளங்கேல்லை. சத்தியமா விளங்கேல்லை. அவர் திரும்பிப் பாக்காமலே, சென்னைக்கு வரலைன்னு நேத்து எழுதிட்டேன், வேற யார்கிட்டயாவது அந்தத் தலை இருந்தா என்னிக்காவது உங்களுக்குக் குடுத்துடுவாங்க, நாரை முழுசாயிடும், அப்புறம் நான் போகணும், அதான் நானே வாங்கிட்டேன் எண்டார். அவற்ர காது ரெண்டும் சிவந்து போச்சு.

அப்பவும் நான் என்ன சொன்னன்? "ஆனா எனக்கு அந்த முகத்தைப் பாக்கோணும்." விசரி, விசரி.

"எனக்கும்தான்" எண்டார்.

கத்தரிக்கோலைக் கொண்டுபோய்க் குசினி லாச்சியை இழுத்து அதுக்குள்ள போட்டன். அக்கா அங்க சட்டைக் கையால கண்ணைத் துடைச்சுக்கொண்டு, வெங்காயம் எண்டா. ஒரு வெங்காயமும் வெட்டி இருக்கேல்லை.

சந்தோசம். எழுதிப்போட்டன். எனக்குச் சந்தோசம்.

ஜூன் 3, செவ்வாய்

எங்கட ரெண்டு பேரின்ர விசயத்தை ஜதுசனுக்குச் சொன்னம். தனக்கு எப்பவோ தெரியுமாம், கிட்டங்கியில ஆள் சொன்னதாம்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

புதுக் கம்பனி அறிவிச்சிட்டுது: வாற வருசம் சாம்பல் நாரை, ஒரே பெட்டியில, தலையோட முழுசா. ஜதுசன் காலமையில இருந்து செய்திக்கு மேல செய்தி. முகமூடி கழட்டலாமாம், கழட்டேலாதாம், ரெண்டு தலை வருமாம். வரட்டும், வாங்குவம், நான் கிழிப்பன், அவர் தன்ர பெட்டியை மூடியே வைப்பார். ஆனால் அது வேற அச்சு. இந்தத் தலையில என்ன முகம் எண்டது அதில தெரியாது.

பூசையால வந்து தட்டுத் துடைச்சன். முதல் நாரை, பிறகு பெட்டி. ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே எண்டு பெட்டியைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு மெல்ல ஒருக்கா ஆட்டினன். உள்ளுக்கை என்னவோ சின்னனா உருண்டுது. மூக்கோ, முகமூடியின்ர நுனியோ?

குசினிக்குள்ள இருந்து, தேத்தண்ணி ஆத்துற சத்தத்துக்கு நடுவில, முகுந்த்:

"ஷெறோன், அத வைம்மா."

வைச்சிட்டன்.