தாம்பாளத்தில் குறைவது என்ன?

கிளிஞ்சல்மேடு,
காரைக்கால்.
8.9.2008

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க முருகன் துணை செய்யட்டும்.

போன மாதம் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுத்தீங்க, நம்ம வினிதாவுக்கு மட்டும் ஏம்ப்பா ஒண்ணுமே மனசுல நிக்க மாட்டேங்குது" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், வருகிற வருஷம் அவளைப் புதுச்சேரியில் விடுதியோடு இருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று பதிலையும் நீயே சொல்லிவிட்டாய். மருமகள் தீபா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதங்களின் பெயர் வரிசையாக வரவில்லை என்று அவள் டீச்சர் சொன்னது உண்மைதான். ஆனால் ஆடி போனதும் ஆவணி தானாக வந்து நிற்க அது என்ன பஸ்ஸா? பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா? அதனால் உன்னிடம் சொல்லாமல் வீட்டிலேயே சில ஆட்டங்களை ஆரம்பித்தேன்.

முதலில் மீன் ஆட்டம். "கடலுக்குப் போனேன், வலையில வஞ்சிரம் கெடச்சுது" என்று நான் சொல்வேன். "வஞ்சிரமும் வவ்வாலும் கெடச்சுது" என்பாள் வினிதா. அடுத்து தீபா அந்த இரண்டையும் சொல்லி, கூட ஒரு கிழங்கானைச் சேர்க்க வேண்டும். இப்படியே வலை கனத்துக்கொண்டு போகும், யார் ஒரு மீனை நழுவ விடுகிறாரோ அவர் தோற்றார். பிறந்ததிலிருந்து மீன் ஆய்கிற உன் அம்மா பாதியிலேயே "அதான் புள்ள, செவப்பா இருக்குமே" என்று திணறுவாள். "சங்கரா, ஆயா" என்று வினிதா எடுத்துக் கொடுப்பாள். சோறு ஊட்டும்போது ஆடினால் தட்டு காலியாவதே தெரியாது.

அடுத்தது வீட்டு ஆட்டம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த இந்த வீடுகள் வாசல், ஜன்னல், பெயிண்ட் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் நான் வெளியே போய் வந்து, கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்து, காப்பி கேட்டேன். உள்ளேயிருந்து "சர்க்கர போடலாமாங்க சார்" என்று குரல் வந்தது. எனக்குச் சர்க்கரை கூடாது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே என்று யோசித்தபோதுதான், நான் உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டு அஞ்சுகத்தின் கூடம் என்று விளங்கியது. அது கிடக்கட்டும். நம் வீட்டுக்குள் மாதங்களைக் குடிவைத்தோம். வாசல்படியில் சித்திரை, செருப்பு விடும் இடத்தில் வைகாசி, டி.வி. மேல் ஆனி, கூழுக்கு அரிசி வேண்டுமே என்று அரிசி டிரம்மில் ஆடி. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வருஷம் முடிந்துவிடும். சுற்றி வரும்போது கார்த்திகை போய்க் கக்கூசில் விழுந்துவிட்டது. உன் அம்மா விடுவாளா? "வெளக்கேத்துற மாசத்தக் கொண்டுபோயி வைக்கிற எடத்தப் பாரு" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். புரட்டாசியை அனுப்புகிறேன் என்றேன், அது பெருமாள் மாசம் என்றாள். கடைசியில் அந்த இடத்துக்கு எந்த மாதமும் குடிபோகவில்லை, ஆனால் வினிதா விழுந்து விழுந்து சிரித்ததில் கார்த்திகை மட்டும் அவளுக்கு இன்றுவரை தவறவில்லை. பயந்துகொண்டு படித்ததைப் பிள்ளைகள் பரீட்சை வாசலிலேயே விட்டுவிடுவார்கள், சிரித்துக்கொண்டு படித்தது கூடவே வரும். என் வகுப்பிலும் நான் கண்டது இதுதான்.

மூன்றாவது தாம்பாள ஆட்டம். வம்பு இதில்தான் வந்தது. தாம்பாளத்தில் சீப்பு, சாவி, தீப்பெட்டி, வலையில் கட்டும் ஈயக்குண்டு, நீ விட்டுப்போன பழைய கைக்கடிகாரம் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துத் துண்டால் மூடிவிடுவோம். திறந்து கொஞ்ச நேரம் பார்க்கலாம். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் ஒரு பொருளை எடுத்து ஒளித்துவிடுவார். எது குறைகிறது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் தோத்துட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும்வரை ஒளித்தவர் மூச்சு விடக்கூடாது. ஆட்டம் என்றால் ஒழுங்கு வேண்டும் என்று அந்த விதியைப் போட்டவன் நான்தான். வினிதா எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஒளிப்பாள், உன் கடிகாரத்தை மட்டும் தொடமாட்டாள். ஏன் என்று கேட்டேன். "அது இல்லன்னா எல்லாரும் ஒடனே கண்டுபுடிச்சிருவாங்க தாத்தா" என்றாள்.

இனி உன் தங்கை தையல்நாயகியின் நிச்சயத்துக்கு வருகிறேன். நல்லபடியாக முடிந்தது என்று உன் அம்மா போனில் ஒரே வரியில் சொன்னாள் அல்லவா, அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கிறது. காரைக்கால்மேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து, வரிசைத் தட்டுகளை அஞ்சுகத்தின் கூடத்தில் இறக்கித் துணி போட்டு மூடிவிட்டு, மேளத்துக்காக வாசலில் காத்திருந்தார்கள். அங்கிருந்துதான் ஊர்வலமாக நம் வீட்டுக்கு வர வேண்டும். கூடம் முழுக்கத் தாம்பாளம், ஒவ்வொன்றின் மேலும் துணி! நம் பிள்ளை என்ன நினைத்திருப்பாள் என்று பார். தன்னோடு ஆடுவதற்காகவே இத்தனை பேர் வேன் பிடித்து வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

தட்டுகள் நம் வீட்டுக்கு வந்து, பஞ்சாயத்தார் முன்னால் துணியை விலக்கினார்கள். மாப்பிள்ளையின் அத்தை குஞ்சம்மா, மீன் ஏலத்தில் ஒரு கூடையைக்கூட அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்காதவள், தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "என்னமோ ஒண்ணு கொறையுதே" என்றாள். எது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒருவர் குங்குமம் என்றார், ஒருவர் கல்கண்டு என்றார், இரண்டும் கண்ணெதிரே இருந்தன. "வேன்ல ஏத்தும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, இந்தத் தெருவுக்கு வந்துதான் கொறையுது" என்றாள் குஞ்சம்மா. "அப்ப நாங்க திருடிப்புட்டோம்ங்கிறீங்களா" என்று அஞ்சுகம் சேலையை இடுப்பில் செருகினாள். குறையோடு தட்டு மாற்றக்கூடாது, வேறொரு நாள் பார்க்கலாம் என்று பஞ்சாயத்தாரில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். உள்ளே தையல்நாயகி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் வினிதா நடுக்கூடத்துக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தோத்துட்டோம்னு சொல்லுங்க, சொல்றேன்" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீபா கெஞ்சினாள், உன் அம்மா கிள்ளினாள், நான் மெதுவாகத் தோத்துட்டேன் என்றேன். "நீங்க மட்டும் சொன்னா ஆச்சா தாத்தா, எல்லாரும் சொல்லணும்" என்றாள். பிள்ளையின் மறதிக்காக ஆரம்பித்த ஆட்டம் இது என்று பஞ்சாயத்தாரிடம் விளக்கினேன், அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். குஞ்சம்மா மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு "கரையில இன்னவரைக்கும் நான் யாருகிட்டயும் இதச் சொன்னதில்ல" என்றாள். "மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும் ஆயா, அப்பறம் பழகிரும்" என்றாள் உன் மகள். அவ்வளவுதான், குஞ்சம்மாவுக்கே சிரிப்பு பீறிட்டுவிட்டது. "சரி தாயி, தோத்துட்டேன்" என்றாள்.

விரலி மஞ்சள்! குங்குமத்தைப் பார்த்த பார்வையில் மஞ்சள் இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கே என்று கேட்டால் அரிசி டிரம்முக்குப் பின்னால் என்றாள். மாப்பிள்ளை உட்படப் பட்டு வேட்டிகள் எல்லாம் சமையலறைக்குள் நுழைந்து டிரம்மை நகர்த்தின. அங்கே ஒரு கரண்டியும் கரப்பானும்தான் இருந்தன. மறுபடியும் முணுமுணுப்பு. எனக்குத்தான் அந்தச் சர்க்கரை போட்ட காப்பி ஞாபகம் வந்தது. அஞ்சுகம் வீட்டு டிரம்முக்குப் பின்னால் பாருங்கள் என்றேன், இருந்தது. "எந்த வூட்டு டிரம்முன்னு யாரும் கேக்கலியே" என்றாள் வினிதா. குஞ்சம்மா அவளை மடியில் உட்காரவைத்துச் சோதித்தாள். எந்தத் தட்டில் என்ன, எந்தச் சீப்பில் ஒரு பழம் கறுத்திருந்தது என்பது வரைக்கும் சொன்னாள். "இதுக்கா மறதிங்கிறீங்க? எங்கிட்ட குடுங்க சார், ஏலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் குஞ்சம்மா. தட்டு மாற்றி முடிந்தது, தை மாதம் கல்யாணம், நீ வந்தே ஆக வேண்டும்.

விடுதியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அவளுக்கு அப்பன் நீ. ஆனால் அவளுக்கு எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை நீயே பார்த்துவிட்டு முடிவு செய். போனில் வந்ததும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறாய், அவள் ரிசீவரைத் தீபாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள். தங்கையும் மாப்பிள்ளையும் நீயும் உன் குடும்பமும் எல்லா நலனும் பெற்று வாழ உன் அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே என்று அவள் பக்கத்திலிருந்து சொல்கிறாள்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது வினிதாவிடம் வேறு எதுவும் கேட்காமல், "கடலுக்குப் போனேன், வலையில வஞ்சிரம் கெடச்சுது" என்று ஆரம்பி. நடுவில் ஒரு மீனை மறந்துவிட்டால் சமாளிக்காமல் தோத்துட்டேன் என்று வாய்விட்டுச் சொல்.

அன்புள்ள அப்பா,
கோவிந்தராசு