பச்சைப் பட்டன்

இன்று காலை வெந்நீர்ப் பை தேடிப் பரணில் கைவிட்டேன். கையில் வந்தது உன் ஃபாக்டரிப் பை. ஜிப்பைத் திறந்ததுமே சொல்யூஷன் வாசனை. இரண்டு வருடம் ஆகியும் போகவில்லை. ஷூவின் மேல்தோலை ஒட்டுகிற அந்தப் பசை வாசனையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் ஏதோ பூக்கடையில் வேலை செய்துவிட்டு வந்த மாதிரி. நீ தையல் பிரிவு, நான் அதே ஃபாக்டரியில் தோல் வெட்டுகிறவன். "உங்க மேல அடிக்கிறது இன்னா, சந்தனமா?" என்பாய். ஏணியில் நின்றபடியே பையை மூக்கருகில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கீழேயிருந்து சின்னவள், "இன்னாப்பா பண்றீங்க மேல?" என்றாள். ஒட்டடை அடிக்கிறேன் என்றேன்.

வெந்நீர்ப் பையும் அப்புறம் கிடைத்தது. ரப்பர் ஒட்டிக்கொண்டு உதவாமல் போயிருந்தது. பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றிப் பெரியவளிடம் கொடுத்தேன். வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். ஆமாம், போன மாதம் உன் பெரிய பெண் வயசுக்கு வந்துவிட்டாள். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் திட்டுவாய். திட்டு, பரவாயில்லை.

நீ போன பிறகு காலை வேளை என்றாலே எனக்குப் பேஜார். யாருக்கு என்றைக்கு வெள்ளை யூனிஃபார்ம், யாருடைய ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்தது, முட்டை எத்தனை மிச்சம், எல்லாவற்றையும் நீ தலைக்குள் வைத்திருந்தாய். நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவேன். நாளெல்லாம் தோலைத் தொட்டுத் தொட்டு மதியத்துக்குள் அழிந்துவிடும். சாயங்காலம் கடையில் நின்று வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து டேபிளில் வெட்டுகிறவர்தான் சொன்னார். "அதுக்கு ஃபோன்லயே ஒரு ஆப் பண்ணிக்கோ. இப்போ அத செய்ய இன்னா படிப்பு வேணும்? ஏஐ கிட்ட தமிழ்லயே சொல்லு, அதுவே எழுதிக் குடுக்கும்."

நான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குக்கரில் சோறு இருக்கும்போது சும்மா கேட்டுப் பார்த்தேன். என் ரெண்டு பொண்ணுங்க வேணும்கிறத அவங்களே எழுதணும், வேலை முடிஞ்சு வரும்போது நான் பாத்து வாங்கணும், அவ்வளவுதான் என்றேன். அது பதிலுக்கு என்னைக் கேட்டது. பிள்ளைகளின் வயது என்ன, எழுத்து பெரிதாக இருக்கட்டுமா, வேறு ஏதாவது சேர்க்கட்டுமா என்று வரிசையாகக் கேட்டது. என்னிடம் யாரும் இவ்வளவு விசாரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்றைக்கு யாரும் விசில் எண்ணவில்லை. சோறு கூழாகிவிட்டது.

அது முதலில் செய்துகொடுத்த ஆப், மூடித் திறந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதைச் சரிசெய்ய இரண்டு வாரம். அப்புறம் சின்னவள் சாக்லேட்டை நாற்பது தடவை அழுத்திவைத்தாள். ஒரு பொருளை ஒரு தடவைதான் கேட்கலாம் என்று மாற்றச் சொன்னேன். என் ஏஐ கணக்கையே உன் ஃபோனிலும் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அதை இன்னும் 'அம்மா ஃபோன்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரே கணக்கு என்பதால் நான் ஏஐயிடம் எழுதுவதெல்லாம் அங்கேயும் தெரியும், அவர்கள் எழுதினால் எனக்கும் தெரியும். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்துப்போனது. காலையில் அடுப்பில் ஒன்று கொதிக்கும்போது இந்தக் கையில் ஃபோன். மதியம் கேன்டீனில் ஃபோன். எழுத்தைப் பெரிசு பண்ணு, பட்டனை ஓரத்துக்குத் தள்ளு. பதினாலு வருடத்தில் உன்னோடு பேசியதைவிட ஆறு மாதத்தில் அதோடு ஜாஸ்தி பேசியிருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ காய்ச்சலோடு சமைத்துப் போட்ட அன்று, நான் தலைநிமிராமல் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "தோல்ல உண்ணி கடிச்ச வடு ஊசிமுனை அளவு இருந்தாக்கூட உங்களுக்குத் தெரியுது. எதிர்ல நிக்கிறவ மூஞ்சி மட்டும் தெரியல" என்றாய். அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. இட்லி வேகிற நேரத்தில் ஏஐயைத் திறந்தேன். கடைசி வரியில், "வயிற்று வலி இப்போது எப்படி இருக்கிறது?" என்று இருந்தது. எனக்கு ஏது வயிற்று வலி? இதுக்கும் மரை கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். மேலே தள்ளிப் பார்க்கவில்லை. "அதெல்லாம் வேணாம். பட்டன பச்சையா மாத்து" என்று அடித்தேன். மாற்றிவிட்டது. நல்ல பச்சை. திருப்தியாக வேலைக்குப் போனேன்.

அன்றும் மறுநாளும் பெரியவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிறு சரியில்லை என்றாள். ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் இரண்டு நாள் சுருண்டு படுத்திருக்கிறாள், எனக்கு ஓமத்துக்கு மேல் புத்தி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் பட்டியலில் ஏதோ கோளாறு, எங்கே கெட்டது என்று பார்க்க மேலே தள்ளிக்கொண்டு போனேன். புதன்கிழமை சாயங்காலம் அவள் எழுதியிருந்தாள். "வயிறு வலிக்குது. ரத்தம் வருது. டீச்சர் சொன்னதுதான்னு நெனக்கிறேன். அம்மா இல்ல. அப்பாகிட்ட எப்டி சொல்றது?" பயப்பட வேண்டாம், இது இயல்புதான், அப்பாவிடமோ நம்பிக்கையான ஒரு பெண்ணிடமோ சொல்லுங்கள் என்று அது பொறுமையாகப் பதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள். "அப்பா தினமும் இதைப் பாப்பாரு. பாத்துட்டு அவரே கேக்கட்டும்." வலி எப்படி இருக்கிறது என்று அது கேட்டது அதற்குப் பிறகு. அதற்கும் கீழே என் எழுத்து. அதெல்லாம் வேணாம். பட்டன பச்சையா மாத்து.

அவள் அதைப் படித்திருக்கிறாள். அப்பாவின் பதில் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் அந்த நினைப்போடு என் கையால் இட்லி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். உன்மேல்கூடக் கோபம் வந்தது. என்ன அவசரம் உனக்கு, இதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று.

மெடிக்கலுக்கு ஓடினேன். நாப்கின் என்று கேட்டதும் கடைக்காரர், "பெருசா, சின்னதா?" என்றார். நான் விழித்தேன். "வீட்ல கேட்டுட்டு வாங்களேன், ஒண்ணும் அவசரமில்ல" என்றார் நல்ல மனசோடு. இரண்டையும் கொடுக்கச் சொன்னேன்.

அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"படிச்சீங்களா?"

"இப்போதாம்மா படிச்சேன். அன்னிக்கு நான் மேல பாக்கவேயில்ல. அது ஒனக்குச் சொன்ன பதில் இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவள் உரித்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "அம்மா புடவை ஒண்ண கிழிச்சிட்டேன்ப்பா. பழசுதான். திட்டாதீங்க" என்றாள். அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள். சின்னவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் ஊர் அணைக்கட்டிலிருந்து உன் அண்ணனும் அண்ணியும் மறுநாள் வந்தார்கள். அத்தைக்காரி முறையாகத் தண்ணீர் ஊற்றினாள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். இத்தனை நாளா எங்ககிட்ட சொல்லாம இருந்தீங்க என்று எனக்குத் தனியாக அர்ச்சனையும் நடந்தது. வாங்கிக்கொண்டேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. பெரியவள் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மாவுக்கு எப்போப்பா? அவங்க மொதல்ல யார்கிட்ட சொன்னாங்க? பயந்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணியைக் கேட்கலாம் என்றால் அவள் நமக்குக் கல்யாணம் ஆன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். உன் அம்மா உனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அண்ணனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீ ஒருத்திதான் சொல்ல வேண்டும். பதினாலு வருடம் ஒரே பாயில் படுத்தேன். நீ சின்னப் பெண்ணாக எப்படி இருந்தாய், எதற்குப் பயந்தாய் என்று ஒரு நாள் வாய்திறந்து கேட்கவில்லை.

"தெரியாதும்மா. நான் கேட்டதே இல்ல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ என்னையாச்சும் கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துத் தினமும் கேட்கிறேன். சில நாள் கொட்டித் தீர்க்கிறாள். சில நாள் "ஒண்ணுமில்லப்பா" என்று எழுந்து போய்விடுகிறாள். அவளைக் கேட்டு முடித்த பிறகு, உன்னைக் கேட்க வேண்டியதெல்லாம் நெஞ்சில் ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. அதையெல்லாம் நான் எங்கே போய்க் கேட்பேன், சொல்லு.