ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து

தம்பி,

நான் அச்சகத்துக்கு ஓடறேன். நம்ம வெட்டி ஒட்டற காகித ஒட்டகச்சிவிங்கியோட வரைபடம் தப்பான அளவோட அச்சேறறதுக்குள்ள நிறுத்தணும்.

பதினோரு மணிக்குப் போட்டோக்காரர் வருவார். அதுக்குள்ள கழுத்தை நீயே மறுபடி வெட்டி ஒட்டிடு. புது வரைபடம் மேஜைமேல இருக்கு. கோந்து காயறவரைக்கும் ஃபேனைப் போடாதே.

காலையில பழைய வரைபடப்படி நானே வெட்டி ஒட்டிப் பார்த்தேன். எனக்கும் கழுத்து ஒட்டு சேராம வாயைப் பிளந்துக்கிட்டுதான் நின்னுது. உன் கத்தரி மேல குத்தமே இல்ல. நான் வரைஞ்ச அந்த வரைபடத்து ஓரத்துல "அக்கா, இங்க அரை விரல் குறையுது"ன்னு நீ பென்சில்ல எழுதியிருந்ததை இப்பதான் பார்த்தேன்.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். கோபத்துல பட்டினி கிடக்காதே.

வெளியே போனா சாவியை மாடிவீட்டுல கொடு.

நேத்து அப்பா முன்னாடி உன்னைக் கையாலாகாதவன்னு அந்தக் கத்து கத்தினேனே, அப்பவாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?