வாத்தியார் வீட்டுக் கொடியில் நான் போட்ட துணி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள்தானே. போனில் எப்போது வருகிறாய் என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்கு ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே வந்து இரும்மா என்று நீ கூப்பிடும்போதெல்லாம் நான் வீட்டு வரியைச் சாக்கு சொல்லி வந்தேன். வயசானவர்கள் இருபது வருடத்துக்கு மேல் சொந்த வீட்டில் குடியிருந்தால் வரியில் பாதிக்கு மேல் தள்ளுபடி, பூட்டிப்போட்டாலோ வாடகைக்கு விட்டாலோ அது போச்சு. உன் அப்பா போன பிறகு அந்தத் தள்ளுபடி மட்டும் இல்லையென்றால் வீட்டை அன்றைக்கே விற்றிருப்பேன், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நம் தெருவில் நடக்கும் கூத்தை உனக்குச் சொன்னதில்லை. எதிர்வீட்டு வாத்தியார், கோடிவீட்டு பேங்க்காரர் எல்லாரும் பிள்ளைகளிடம் போய் வருடக்கணக்காகிறது, சாவிகள் மட்டும் என்னிடம். வரி பார்க்க வருகிறவர் ஸ்கூட்டரை விட்டே இறங்கமாட்டார், மாடிக்கொடியில் துணி தொங்கினால் ஆள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆகவே அவர் வருகிற வாரங்களில் நான் வீடு வீடாக ஏறி, அவர்கள் விட்டுப்போன துணிகளை நனைத்துக் காயப்போடுவேன். வாத்தியார் சட்டைகள் அவர் உடம்பில் வெளுத்ததைவிட என் கையில் வெளுத்ததுதான் அதிகம். இதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை, அக்கம்பக்கத்துக்கு ஓர் ஒத்தாசை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டை வாங்கி வந்திருக்கிறார்களே, பஸ் ஓட்டுகிறவரும் அவர் மனைவி நர்ஸும், புதிதாக வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு முழு வரி. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர், அதே தண்ணீர், அதே தெருவிளக்கு. அந்தப் பெண் வரிக்காகவே கூடுதல் டியூட்டி பார்க்கிறாள். போன வாரம் ஒருநாள் காலையில் வரிக்காரர் ஸ்கூட்டர் தெருமுனைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, தூறலைக்கூடப் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் மாடிக்கு ஓடினேன். மழையில் துணி காயப்போடப் போன ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன், சிரிக்காதே. கடைசிப் படியில் வழுக்கி விழுந்தேன். டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண்தான் சத்தம் கேட்டு ஏறி வந்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டாள். "ஊர்ல இல்லாத மனுஷன் சட்டைய மழையில ஏம்மா காயப்போடறீங்க" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாம் சொன்னேன். "எங்க வீட்ல அஞ்சு பேர் இருக்கோம். இருக்கறவங்களுக்கு முழு வரி, இல்லாதவங்களுக்குத் தள்ளுபடியாம்மா" என்றாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் என்னிடம் பதில் இருந்தது, வயசானவர்கள் கையில் வருமானம் ஏது என்று கேட்டிருப்பேன். அவளோ வாளியில் இருந்த இரண்டு சட்டையையும் பிழிந்து தானே கொடியில் போட்டுவிட்டு, என்னைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டதடா, வலியால் இல்லை.

சாயங்காலம் வாத்தியாருக்குப் போன் போட்டேன். "இன்னும் ஒரு வருஷம் பாத்துக்கங்கம்மா, விலை ஏறட்டும்" என்கிறார். வயசானவர்கள் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கக் கொடுத்ததை, போனவர்கள் விலை ஏறும்வரை வைத்துக்கொள்ளவா கொடுத்தார்கள்? சாவியை அனுப்பிவிடுகிறேன், இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். பேங்க்காரருக்கும் அதேதான். எனக்கு அலுத்துவிட்டது. இந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனசே இல்லை, அப்பா அடித்த ஆணியெல்லாம் இன்னும் சுவரில் இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். இங்கே ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்துவிடு, தள்ளுபடி போனால் போகட்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். பேத்தியை வெறுங்காலோடு குளிர்த்தரையில் விடாதே. நான் வரும்போது பெட்டி கனமாக இருக்கும், தூக்க நீயே வா. கொடியில் ஒரு துணிகூட விட்டு வரமாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா