ஆறாவது கோப்பை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. நான்கு நாளாக மழை.

ஏஜெண்ட் மூலம் நீங்கள் அனுப்பிய உங்கள் தோட்டத்து ஒயின் பாட்டில்கள் நேராக எங்கள் ஓட்டல் ஸ்டோருக்குப் போய்விட்டன. நான் பார்க்கவில்லை. நேற்று காலை ருசி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க, எட்டு ஒயின்களைப் பேர் தெரியாதபடி காகிதம் சுற்றி, எண் போட்டு மேசையில் வைத்தார்கள். அதில் எது உங்களுடையது என்று எனக்கே தெரியாது.

நீங்கள் இருக்கும் நாட்டில் திராட்சை கூட விளையுமா என்று முன்பு கேலி செய்தாரே, அதே மேனேஜர்தான் இப்போது அங்கிருந்து வேண்டும் என்கிறார். வாடிக்கையாளர்கள் நாட்டின் பேரைச் சொல்லியே கேட்கிறார்களாம். புளிப்பு உயிரோடு இருக்கிறது, குடித்தால் தலை கனப்பதில்லை என்கிறார்கள். சமையல் மாஸ்டர் சொன்னார்: “காலங்காலமா ஒயின் பண்ற நாட்டு ஒயின்லாம் மாமியார் மாதிரிங்க, சாப்பாட்டைப் பேசவே விடாது. இது பக்கத்துல உக்காந்து கேட்டுக்கும்.” வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஆறாவது கோப்பையை மாஸ்டர் கீழே வைக்கவே இல்லை. மேனேஜர் இன்னொரு முறை ஊற்றச் சொன்னார். நிறம் தெளிவு, புளிப்பு அளவு, சுவை நெடுநேரம் நிற்கிறது என்று மதிப்பெண் தாளில் நான் எழுதினேன். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். ‘பிடித்ததா’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். நான்கு வருடமாக எந்தத் தாளிலும் அதை நான் நிரப்புவதில்லை. மேனேஜரும் கேட்பதில்லை.

காகிதத்தைப் பிரித்தார்கள். லேபிளில் நம் மகளைக் கூப்பிடும் செல்லப் பெயர்.

மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார். “பேரு நல்லாருக்கே, யாரு வச்சது?” என்றார். தெரியலைங்க என்றேன். அவள் கண்மூடிய பிறகு இந்த ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வருடமே நீங்களும் அங்கே திராட்சைக் கொடி நடக் கிளம்பிவிட்டீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோப்பைகளைக் கழுவி, துடைத்து, அலமாரியில் அடுக்கினேன். பிறகு மதியச் சாப்பாடு பரிமாறப் போனேன்.

உங்கள் ஒயினைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் மெனு அட்டையில் வரும். அட்டையைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை.

பெயரை மாற்றிவிடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மாற்ற வேண்டாம். ஆனால் மேசைக்கு மேசை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், நான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் மட்டும் என்னால் தனியாக முடியாது.

அறுவடை நல்லபடியாக முடியட்டும். முடிந்ததும் வாருங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், கூட நின்றால் போதும்.

உங்கள் மனைவி