சொக்கலிங்கத்தின் சிவப்பு வண்டி

ஜனவரி 20, 1974. ஞாயிறு

காலையில் நல்ல பனி. பட்டறைக்கு விடுமுறை. என் ரேஸ் வண்டியைப் பிரிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது.

இன்ஜின் ஒரு டாக்ஸிக்காரருக்கு. சக்கரங்கள் மதுரைக்கு. இரும்புச் சட்டத்தை வாங்க ஆளில்லை, கொல்லையில் சாத்தி வைத்திருக்கிறேன். அதன் மேல் என் மனைவி ராசாத்தி போர்வை காயப்போட்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் ஒரு பழைய காரை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி எறிந்து, குழாய்களை வெல்டிங் வைத்து, நாலு சக்கரமும் வெளியே தெரிய ஒற்றை ஆள் உட்காரும்படி கட்டிவிட்டால் அது ரேஸ் வண்டி. மெட்ராஸ் பக்கம் சோழவரம் ரேஸில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இப்போது பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் வண்டியையே சீமையிலிருந்து இறக்குகிறார்கள். ஒரு ரேஸுக்கு ஒரு ஜோடி டயர். போதாததற்குப் பெட்ரோல் விலை. லாரிக்காரர்களே பட்டறைப் பக்கம் வந்து அழுகிறார்கள், நான் எந்த மூலைக்கு.

தேவகோட்டைச் சொக்கலிங்கம் (சொ.) மட்டும் இந்த வருடமும் போகிறானாம். செட்டியார் வீட்டுப் பிள்ளை, போவான். வெளிநாட்டுச் சிவப்பு வண்டி. வீட்டில் பணம் கிணறு மாதிரி ஊறும்போல.

இரவுக்குக் கேப்பைக் களி. நன்றாக இருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 27. ஞாயிறு

வெயில். பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாய் டீக்கடை. வழக்கமான சண்டை. அந்தக் கடை பெஞ்சில் பாதி என் காரைக்குடி வண்டிக் கட்சி, பாதி தேவகோட்டை வண்டிக் கட்சி. பாய் எப்போதும் சொ. கட்சி. என் முகத்துக்கு நேரேயே.

“நீ ஓட்டுறது கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கும் கருப்பையா. தப்பே இருக்காது. அவன் ஓட்டுறதைப் பாத்தா வயித்தைக் கலக்கும். காசு குடுத்துப் போறது அதுக்குத்தானே?”

“வளைவுல பின்பக்கம் வழுக்கி வால் ஆட்டுற வண்டிக்குப் பேரு ரேஸா பாய்?”

“சரி, இந்தத் தடவை ஓட்டலையில்ல? என்கூடப் பாக்க வா. கயித்துக்கு இங்குட்டு நின்னு பாத்தாத்தான் உனக்குப் புரியும்.”

வருவதாகச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கையில் பழைய ஞாபகம். நான் முதன்முதலில் சோழவரம் போனதும் பார்க்கத்தான். உலகச் சண்டைக் காலத்து விமான ஓடுதளம், வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு காட்டியிருந்தார்கள். ஒரு பச்சை வண்டி என்னைக் கடந்தபோது சட்டை படபடவென்று அடித்தது, மண் வாயில். பக்கத்தில் நின்ற ஒல்லிப் பையன் என் தோளைப் பிடித்து உலுக்கி, “பாத்தீகளா! பாத்தீகளா!” என்று கத்தினான். நம்ம பக்கத்துப் பேச்சு. ஊர் கேட்டேன், தேவகோட்டை என்றான். சொ.தான் அது. திரும்பும் ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் தூங்கவே இல்லை. நம்ம செட்டிநாட்டிலும் ஒரு சண்டைக் காலத்து ஓடுதளம் சும்மா கிடக்கிறதே என்று அவன்தான் சொன்னான். ஆளுக்கொரு வண்டி கட்டினோம். அங்கே ஆடுகளை விரட்டிவிட்டு ஓட்டிப் பழகினோம்.

பிறகு அந்த ரேஸ். வளைவில் அவன் சக்கரமும் என் சக்கரமும் உரசி என் வண்டி கவிழ்ந்தது. கை முறிந்தது. நான் அவன் தப்பு என்றேன், அவன் என் தப்பு என்றான். அன்றோடு பேச்சு நின்றது. எட்டு வருடம். முந்தவும் முந்தப்படவும் மட்டும் சந்தித்துக்கொண்டோம்.

பிப்ரவரி 9. சனி. சோழவரம்

மெட்ராஸில் காதர் பாயின் மச்சான் வீட்டில் தங்கல். காலையில் இட்லி, பாயா. வெயில் இப்போதே சுடுகிறது.

கூட்டம் அதிகம். கயிற்றுக்கு இங்குட்டு நிற்பது கூச்சமாக இருந்தது. தெரிந்த மெக்கானிக்குகள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

சொ. வரவில்லை.

கொடி இறங்கும்போது மூன்றாம் வரிசையில் ஒரு வண்டி இடம் காலி. மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டு, மறுபடி கூப்பிட்டு, விட்டுவிட்டார்கள். பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. “என்னடா இது, இவனை நம்பி இவ்வளவு தூரம் வந்தோம்.”

நான் நினைத்தது: அவனுக்கும் கட்டுபடியாகவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரேஸ் சப்பென்று இருந்தது. சீமை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி போயின. யாரும் யாரையும் முந்தவில்லை.

பிப்ரவரி 10. ஞாயிறு

சொ. இறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிகாலையே. புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், கீரனூர் தாண்டி. ஜீப்பில் ரேஸ் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தனியாக வந்திருக்கிறான். பனி மூட்டம். எதிரே வைக்கோல் வண்டி. ஒதுக்கியிருக்கிறான், புளியமரம்.

திருச்சி மெக்கானிக் ஒருவர் வந்து சொன்னார். வண்டிக்காரருக்கு ஒன்றுமில்லையாம். மாடுகளுக்கும் ஒன்றுமில்லையாம். பின்னால் கட்டிய ரேஸ் வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றதாம், சிவப்புப் பெயின்ட் மட்டும் உரசலாம். ஜீப் மணிக்கு முப்பது மைல் வேகத்துக்கு மேல் போயிருக்காது என்றார்.

முப்பது மைல்.

பாய் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய ரேஸைப் பார்க்காமல் கிளம்பினோம். வெளியே வரும்போது பின்னால் இன்ஜின்களின் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வளைவில் யார் தப்பு என்று இனி யாரிடம் கேட்பது.

பிப்ரவரி 12. செவ்வாய்

தேவகோட்டை பஸ். மேகம், மழை இல்லை. ராசாத்தி வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள், கேட்காமலே.

பெரிய வீடு. முகப்பில் ஜமக்காளம் விரித்து நாலைந்து பேர். துக்க வீடு, யாரும் ‘வாங்க’ சொல்லவில்லை. போய் உட்கார்ந்தேன். அவன் அப்பா, அவன் வாயில் அப்பச்சி, எழுபது வயது இருக்கும். தாயார் எப்போதோ போய்விட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

“காரைக்குடிக் கருப்பையா நீங்கதானா?”

“ஆமாங்கய்யா.”

“சாப்பிடும்போது சொல்லுவான். ‘இன்னைக்குக் கருப்பையா முந்திட்டாரு அப்பச்சி’ம்பான். இல்லைன்னா, ‘இன்னைக்கு அவரை முந்திட்டேன்’ம்பான். அதுல வேற யாரு பேரும் எனக்குத் தெரியாது.”

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டாம் கட்டில், உள் முற்றத்தைச் சுற்றி, தேக்குத் தூண்கள் இருந்த இடத்தில் செங்கல் தூண்கள், மேலே சுண்ணாம்பு. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“டயருக்கும் சாமானுக்கும் ஒண்ணொண்ணா எடுத்து வித்தான். நானும் விட்டுட்டேன். இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறேன்னு சொன்னான்.”

பணம் கிணறு மாதிரி ஊறும் என்று எழுதினேனே. அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன், முறைப்படி. பஸ்ஸில் பக்கத்தில் ஒரு ஆள் முருங்கைக்காய் விலை பேசிக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 19. செவ்வாய்

பட்டறையில் இரண்டு லாரி. கியர்பாக்ஸ் ஒன்று, பிரேக் ஒன்று. வேலை ஓடவில்லை.

மத்தியானம் சொ.வின் அப்பாவே வந்துவிட்டார், வாடகைக் காரில். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“தம்பி, அந்த வண்டியைக் கொண்டாந்து வீட்டுல விட்டுட்டாக. காயலான் கடைக்காரன் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டான். குடுத்திரலாம்னுதான் இருக்கேன்.”

“சரிங்கய்யா.”

“நான் அவன் ஓட்டிப் பாத்ததே இல்லை. வருஷா வருஷம் கூப்பிடுவான். ‘ஒரு தடவை வாங்க அப்பச்சி’ம்பான். கோவத்துல வரலைன்னு ஊருல சொல்லிக்குவேன். கோவம் இல்லை, பயம்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “குடுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிக் காட்டுவீகளா? அவன் ஓட்டுற மாதிரி. வேற யாருக்கும் தெரியாதில்ல.”

ஓட்டுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராசாத்தியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“நீங்க விட்டதுக்குக் கோவிலூர்ல போன வெள்ளிக்கிழமைதான் நேத்திக்கடன் முடிச்சேன்.”

“அதான் மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“கை முறிஞ்சு நீங்க கிடந்தப்ப எனக்குச் சோறு இறங்கலை. அந்த மனுசனுக்கு இப்ப எப்படி இறங்கும்?”

படுக்கப் போகும்போது சொன்னாள்: “காட்டுறதுன்னா ஒழுங்காக் காட்டுங்க. மெதுவா ஓட்டி ஏமாத்திராதீக.”

பிப்ரவரி 24. ஞாயிறு

நல்ல வெயில், காற்றில்லை.

பெரியவருக்குச் சம்மதம் சொல்லி அனுப்பி, வண்டியை வெள்ளிக்கிழமையே லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து முழுக்கச் சோதித்திருந்தேன். பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டு. ஒரு குறையும் இல்லை. அருமையாக வைத்திருந்திருக்கிறான். பெட்ரோல் காதர் பாய் எங்கோ கேட்டு ஒரு டின் வாங்கி வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

செட்டிநாட்டு ஓடுதளம். சிமெண்டு வெடிப்பில் புல். ஆடுகளை ஓரமாக ஓட்டச் சொன்னோம். வளைவுக்கு அடையாளமாக நாலு வைக்கோல் கட்டு. பெரியவர் குடையோடு நின்றார். பக்கத்தில் பாய்.

இருக்கை அவன் உடம்புக்கு வார்த்தது. ஒல்லி, நெட்டை. எனக்கு இடுப்பு இறுக்கம், பெடல் எட்டவில்லை, முதுகுக்குச் சாக்கு வைத்துக்கொண்டேன். உள்ளே அவன் தலையெண்ணெய் வாசனை.

முதல் சுற்று என் பாணியில் போனேன். முன்னாலேயே பிரேக், சுத்தமான கோடு. பெரியவர் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் தலையை ஆட்டினார், இது இல்லை என்று.

எனக்கும் தெரியும், இது இல்லை.

அடுத்த சுற்று. வைக்கோல் கட்டு முன்னால் வந்துகொண்டே இருக்கிறது, நான் கால் எடுக்கவில்லை. இன்னும். இன்னும். அவன் எடுக்கும் இடம் எனக்குத் தெரியும், எட்டு வருடம் பின்னாலிருந்து பார்த்த இடம். அங்கே பிரேக். வால் வெளியே போயிற்று. ஸ்டியரிங்கை எதிர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து, பிடித்து, வண்டி முழுக்கப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கையில் அத்தனை பலம் வேண்டியிருந்தது. இதையா வாலாட்டம் என்று சிரித்தேன். இவன் இதை ஒரு மணி நேரம் செய்வான், மற்ற வண்டிகளுக்கு நடுவில்.

மூன்று சுற்று அப்படி. நாலாவதில் முடியவில்லை. கண்ணில் தண்ணீர், வண்டி வேகத்துக் காற்றாகவும் இருக்கலாம்.

நிறுத்தினேன். இன்ஜினை அணைத்ததும் காது அடைத்துக்கொண்டது. பெரியவர் குடையைப் பாயிடம் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தார்.

“இப்படித்தான் போவானா?”

“இதைவிட வேகமாப் போவாருங்கய்யா. எனக்கு இவ்வளவுதான் வரும்.”

“நல்லா ஓட்டுவானா?”

“எங்க எல்லாரையும்விட நல்லா ஓட்டுவாரு.”

இதை அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இறங்கி நின்றேன். பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கையை, ஸ்டியரிங்கை. பிறகு குனிந்து, இன்ஜின் மூடியின் மேல், பெயின்ட் உரசியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“சூடா இருக்கு தம்பி” என்றார்.

“ஓடுனதால ஐயா. கொஞ்ச நேரத்துல ஆறிரும்.”

கையை எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஆறும்வரை இருப்போம் என்று பாயிடம் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன்.