இராஜாங்கத்தின் நாற்றங்கால்

திருக்காட்டுப்பள்ளி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் டாக்டரை மாற்றிவிட்டாள்.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பது வயலில் நான் பறித்து அனுப்பிய தூயமல்லி நெல் இலைகள் நாற்பதும் ஒரே செடியைப் போல இருக்கின்றன, ஒரு இலையைக் கிழித்து நாற்பது உறையில் போட்டாயா என்று உன் பேராசிரியர் கேட்டார் என்றாய் அல்லவா. "எம்புள்ளையப் பொய்க்காரிங்கிறானா அந்த வாத்தி? ஏங்க, நீங்கதானே சேத்துல எறங்கிப் பறிச்சீங்க, ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க" என்றாள். எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுமுன் அந்த வயல்காரர்கள் நாற்பது பேரையும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. முப்பது வருஷம் நூலகராக இருந்தவனுக்குச் சரிபார்க்கும் கெட்ட பழக்கம் போகாது.

மரபணுவில் வித்தியாசம் காட்டும் மார்க்கர்களைப் பற்றி நீ விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. முதல் வகை மார்க்கர், மரபணுவில் எங்கே ஒட்ட முடியுமோ அங்கே ஒட்டிக்கொண்டு கோடு கோடாகக் காட்டும், செலவு குறைவு, ஆனால் இன்று காட்டிய கோட்டை நாளைக்குக் காட்டாது. அதுதான் நம் ஊர் வயல்களில் நாற்பது விதம் இருப்பதாகச் சொன்னது. இரண்டாவது வகை, திரும்பத் திரும்ப வரும் சின்னத் துண்டுகளை எண்ணிப் பார்ப்பது, எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில், அது நாற்பதும் ஒன்று என்றது. இப்போது ஒற்றை எழுத்து மாற்றங்களை ஆயிரக்கணக்கில் பார்க்கிற மூன்றாவது வகைக்கு இன்னொரு வருஷம் கேட்டிருக்கிறாய். வேண்டாம் அம்மா. அதுவும் இரண்டாவது சொன்னதையே சொல்லும், தசமப் புள்ளிக்குப் பிறகு இன்னும் நாலு இலக்கம் சேர்த்து.

ஐந்து பேர் தங்கள் சொந்த விதை என்று சத்தியம் செய்தார்கள். ஆறாவதாக ராஜாத்தி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, "வெளில சொல்லிடாதீங்க சார். நீங்க எல பறிச்ச வருஷம் ஐப்பசி வெள்ளத்துல எங்க நாத்து பூராவும் அழுகிப் போச்சு. இராஜாங்கம் அண்ணன்தான் இருபது முடி நாத்து குடுத்தாரு" என்றாள். அதன்பிறகு, சத்தியம் செய்த ஐந்து பேர் உட்பட மற்ற முப்பத்தெட்டு வீட்டிலும் அதே கதை, அதே "வெளில சொல்லிடாதீங்க". மேட்டில் இருந்ததால் தப்பியது இராஜாங்கத்தின் நாற்றங்கால் ஒன்றுதான். நாற்று கொடுத்தவன் சொல்லிக்காட்டக் கூடாது, வாங்கியவனை யாரும் கேட்கக் கூடாது என்பது இங்கே மரியாதை. வயல் யாருடையது என்று உறையில் எழுதச் சொன்னாய், எழுதினேன். நாற்று யாருடையது என்று நீயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மார்கழியில் நான் பறித்தபோது எல்லா வயலும் பச்சையாகத்தான் இருந்தது.

இராஜாங்கத்திடமே போனேன். அவருக்கு ஒரே பெருமை. "ஒத்தக் கதிரு சார்! எட்டு வருசம் முந்தி நல்லா வெளஞ்ச ஒரு கதிரா பாத்து உருவி வச்சேன், அதுலேருந்து பெருக்குனது. கலப்புன்னு ஒரு நெல்லக் காட்டுங்க பாப்போம்" என்றார். காட்ட முடியாது என்பதைத்தான் நீ மூன்று வருஷமாக நிரூபித்துக்கொண்டிருக்கிறாய்.

மறுபடியும் பறித்து அனுப்பச் சொன்னாய். மற்றவர்கள் தங்கள் விதையை ஒரு மணி மிச்சமில்லாமல் அந்த நாற்றங்கால்களில்தான் விதைத்திருந்தார்கள். அது அந்த வெள்ளத்தோடு போய்விட்டது. இப்போது வீட்டுக்கு வீடு வைக்கோலில் கோட்டை கட்டி வைத்திருக்கும் விதையெல்லாம் இராஜாங்கத்தின் கதிர்.

உன் முதல் கட்டுரையைப் பார்த்து 'நாற்பது குடும்பம், நாற்பது நெல்' என்று பஸ் ஸ்டாப்பில் உன் படத்தோடு போர்டு வைத்த பஞ்சாயத்துத் தலைவர் அண்ணாதுரையிடமும் சொன்னேன். யோசித்துவிட்டு, "போர்டு பதினெட்டு அடி சார். இப்பப் போயி ஒரே நெல்லுன்னா நல்லாவா இருக்கும்? பேசாம பொண்ண மொத மெசினையே வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். இந்த ஊரில் உன் ஆராய்ச்சியை முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நீ அப்படிச் செய்யாதே. இந்தக் கடிதத்தை மொழிபெயர்த்து உன் பேராசிரியரிடம் கொடு. நீ இலையைக் கிழிக்கவில்லை என்பது தெரியவரும். ஆய்வும் அதோடு முடியும் என்பது எனக்குத் தெரியும். எந்த மார்க்கர் நம்பத் தகாதது என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான் என்று ஆறுதல் எழுதிப் பார்த்தேன், எனக்கே ஒட்டவில்லை. நீ தேடிப்போனது இங்கே இல்லை. தப்பு நான் செய்தது, மூன்று வருஷம் உன்னுடையது.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. டிக்கெட் கிடைத்தால் பொங்கலுக்கு வா, வயல் பக்கம் போக வேண்டாம். எது நடந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். மறந்துவிடப் போகிறேன், புதிதாக இலை பறிக்க நீ அனுப்பிய நாற்பது உறைகளில் ஒன்றில் இலை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற முப்பத்தொன்பதிலும் இருந்த ஈரம் உறிஞ்சும் குருணைப் பொட்டலங்களை அம்மா பருப்பு டப்பாக்களில் போட்டுவிட்டாள்.

உன் அப்பா,
ரெத்தினம்